திரும்பி வந்த டப்பாக்கள்

ஜே.சி. ரோட்டில் பெயின்ட் கடை.
கலக்கும் எந்திரத்தில் ஜெசிந்தா,
குலுக்கும் எந்திரத்தில் நான்.
எண்ணை அடித்தால் சொட்டும்:
கறுப்பு இரண்டு சொட்டு, காவி பதினாறு.
மூடியை அறைந்து இறுக்கி
விரலால் மேலே ஒரு பொட்டு வைப்பாள்,
உள்ளே இருக்கும் நிறம் இன்னதென்று தெரிய.

டப்பாக்கள் திரும்பி வரும்.
"நான் கேட்டது இது இல்லை."
அதே எண், அதே சொட்டு.
பார்த்தது ட்யூப்லைட்டில், பூசியது மேற்கு வெயிலில்,
யார் போய் விளக்குவது?
யெலஹங்காவிலிருந்து ஒருவர் ஒரே பச்சைக்கு
நான்கு தடவை வந்தார்.
நான்காவது தடவை இவள் கேட்டாள்:
"உங்க ஜன்னலுக்கு வெளியே என்ன சார் இருக்கு?"
மாமரம் என்றார்.
"அப்ப மரத்தைத்தான் திருப்பித் தரணும்."
முதலாளி அன்றைக்கு என்னைத்தான் திட்டினார்.

யாரும் வாங்காத அந்த நிறங்களைச்
சம்பளத்தில் கழித்துக்கொண்டு
லிங்கராஜபுரத்துக்குக் கொண்டுபோவாள்,
பஸ்ஸில், மடியில் வைத்து.
முதலில் மூடிகளின் உட்புறத்தில் வரைந்தாள்.
பிறகு அட்டைப்பெட்டி.
பிறகு யாரோ கழித்துப் போட்ட ப்ளைவுட்.

எல்லாம் அறைகள். ஆளில்லாத அறைகள்.
அவள் போய்ப் பார்க்காதவை,
கல்லாவுக்கு முன் நின்று யாராவது சொன்னவை:
"மாமியார் ரூம், வெளிச்சம் கம்மி."
"பையன் கனடா போயிட்டான், நீலத்தை மாத்தணும்."
கோடு கிடையாது.
ஒரு நிறம் களைத்த இடத்தில் இன்னொன்று தொடங்கும்.
கறுப்பைத் தனியாகத் தொடமாட்டாள்,
இரண்டு சொட்டுக்கு மேல்
அது யார் பேச்சும் கேட்காது என்பாள்.
மூலையில் பெயர் இருக்காது. ஒரு பொட்டு.

ஜனவரி ஞாயிறு, சித்திரச் சந்தை.
குமாரகிருபா ரோட்டு நடைபாதையில்
பெட்ஷீட் விரித்து உட்கார்ந்தோம்.
சாயங்காலம் வரை போனது ஒரே படம்,
மீட்டர் பெட்டியை மறைக்க அளவு சரியாக இருந்ததால்.
மூன்றாம் வருஷம் ஓர் அம்மாள் குனிந்தார்,
கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.
சதாசிவநகரில் அவருக்குக் கேலரி.

அங்கே ஒரு படிவம்.
'பயின்ற இடம்' என்பதற்கு எதிரே
கடை விலாசத்தை எழுதினாள், பின்கோடு உட்பட.
அச்சில் வந்தபோது 'தானே கற்றவர்' என்றிருந்தது.
"தானேவா?" என்றாள் என்னிடம்.
"அப்ப அந்த யெலஹங்காக்காரர்?"
பொட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்கள்.
பிரபஞ்சத்தின் மையமாம்.

பதினொன்று விற்றது. வேலையை விட்டாள்.
இரண்டாவது மழைக்குப் படங்கள் உரிந்தன,
சுவர்ப்பூச்சு ப்ளைவுட்டில் நிற்கவில்லை.
ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒன்று திரும்பியே வந்தது.
பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு
உரிந்த இடத்தை நகத்தால் இன்னும் கொஞ்சம் உரித்தாள்.
அடியில், மறந்துபோன ஒரு மஞ்சள்.

இப்போது அப்படித்தான் வரைகிறாள்,
ஆறேழு தடவை பூசி, பின் சுரண்டி.
எங்கே நிறுத்துவாய் என்றேன்.
"தெரியலை. ரெண்டு கெட்டா ஒண்ணு நிக்குது."
வாடகைக்காகச் சனி ஞாயிறு கடைக்கு வருகிறாள்.

போன மாதம் டெல்லியிலிருந்து ஒருவர்
ஆரம்பகால மூடிகளை விசாரித்துக்கொண்டு
என் வீட்டு வாசலில்.
கழுவிய இருபது லிட்டர் வாளியில்தான் எங்கள் அரிசி.
மேலே அவள் கொடுத்த மூடி,
படம் கீழ்ப்பக்கம், அரிசியைப் பார்த்தபடி.
எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன்.
ஒரு தொகை சொன்னார்.
என் நான்கு மாதச் சம்பளம்.

ஜெசிந்தாவுக்கு போன் போட்டேன்.
"குடுத்துடு. அரிசிக்கு வேற மூடி தரேன்,"
என்றவள், கொஞ்சம் பொறுத்து,
"பூச்சி வந்துச்சா அதுல?" என்று கேட்டாள்.

அடுப்படி பல்புக்குக் கீழே
அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஜன்னல் பக்கம் போய்ப் பாருங்க சார்," என்றேன்.
"அங்கே வேற மாதிரி இருக்கும்.
அப்புறம் திரும்பிக் கொண்டுவரக் கூடாது."